அப்பா கேட்ட ராஜினாமா

1

குடியுரிமை நேர்காணலில் அந்த அதிகாரி அம்மாள் கேட்டதெல்லாம் சுலபமான கேள்விகள்தான். உள்நாட்டுப் போர் நடந்தபோது அதிபராக இருந்தவர் யார், நாட்டின் தந்தை என்று யாரைச் சொல்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். நானும் மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்துக்கொண்டே போனேன். கடைசியில், அதிபர் இறந்துபோனால் அடுத்து யார் அதிபராவார் என்றார். துணை அதிபர் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நான் அரியலூர்க்காரன். ராஜினாமா செய்தாலும் அவர்தான் வருவார், 1974-இல் அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது என்று சேர்த்துச் சொன்னேன். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அதை நான் கேட்கவில்லையே என்று சொல்லிச் சிரித்தார். நல்லவேளை, பாஸ் போட்டுவிட்டார்.

வெளியே காரில் என் மனைவி மலர் காத்திருந்தாள். அவள் பெரம்பலூர்க்காரி. அவளுடைய நேர்காணல் முந்தைய வாரமே முடிந்திருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, போன வேகத்தில் திரும்பி வந்தவள். நான் உள்ளே நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இங்க வந்தும் உங்க ஊரு ராஜினாமாவ விட மாட்டீங்களா?" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. எனக்கு இன்னொரு பரீட்சை பாக்கி இருந்தது. நான் அமெரிக்கக் குடிமகனாகப் போகிறேன் என்பதை அரியலூரில் இருக்கும் என் அப்பாவிடம் அதுவரை சொல்லவில்லை. உறுதிமொழி எடுக்கும் நாளுக்குள் சொல்லி, அவர் வாயால் 'சரி' என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த வார்த்தை இல்லாமல் கையைத் தூக்கி உறுதிமொழி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஏன் இவ்வளவு பயம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு எங்கள் ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2

அரியலூருக்குப் பெருமை என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. சிமென்ட் ஆலைகள் உண்டு. ரெட்டிபாளையம் பக்கம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் சாயங்காலம் வேறு நிறத்தில் திரும்பலாம். ஒரு காலத்தில் கடலாக இருந்த இடம் என்பதால், சுண்ணாம்புக்கல் தோண்டும் குழிகளில் கல்லாகிப் போன சங்கும் நத்தையும் கிடைக்கும். கடல் போன பிறகுதான் நாங்கள் குடிவந்தோம், வழக்கமாக எதற்கும் எங்களுக்குத் தாமதம்தான்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. 1956 நவம்பரில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து, தூத்துக்குடி போகிற ரயில் ஆற்றில் விழுந்தது. அப்பாவுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. ஊர் ஜனங்களோடு அவரும் ஆற்றுக்கு ஓடியிருக்கிறார். அங்கே பார்த்ததை இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை. அவர் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததைத்தான். டில்லியில் ரயில்வே மந்திரி அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார்.

"பாலத்த அவரா ஒடச்சாரு? மழைய அவரா கூப்புட்டாரு? ஆனாலும் பொறுப்பு என்னுதுன்னு எந்திரிச்சுட்டாரு பாரு. அதான் மனுசன். அப்பறம் பிரதமராவே திரும்பி வந்தாரு" என்பார் அப்பா.

எங்கள் ஊர் ஆற்றில் விழுந்த ரயிலால் டில்லியில் ஒரு நாற்காலி காலியானது என்பதில் அவருக்குத் துக்கத்தோடு ஒரு பெருமையும் உண்டு. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவரும் அந்த வழியில் நடந்தார். ஸ்டேஷன் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். ஒருமுறை, அவர் கடையிலிருந்து எடுத்துப்போன சைக்கிளில் பிரேக் பிடிக்காமல் ஒருவர் விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். பிரேக் கட்டையை மாட்டியது கடையில் வேலை பார்த்த மெக்கானிக். ஆனால் அப்பா கடைச் சாவியைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் நான் கடைக்கு லாயக்கில்லை என்று அறிவித்தார். சொந்தக் கடையிலிருந்து ராஜினாமா செய்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு போய் ஒரு மாதம் கடையை நடத்தினார். அந்த மாதம் கடை நன்றாக நடந்தது என்பது அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்.

3

நான் 1995-இல் ஓஹையோவுக்கு வந்தேன். 1998 குளிர்காலத்தில் அப்பா எங்களைப் பார்க்க வந்தார். தங்கையின் பிரசவத்துக்காக அம்மா ஊரிலேயே தங்கிவிட்டார். அப்பா வந்து இறங்கிய நேரம், அமெரிக்காவே ஒரு ராஜினாமாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அதிபர் பதவி விலக வேண்டுமா, வேண்டாமா என்று எந்த சேனலைத் திருப்பினாலும் கோட்டுப் போட்டவர்கள் சண்டை போட்டார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் அந்த ஒரு சொல்லை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். நான் ஆபீஸிலிருந்து வந்து பனியில் நனைந்த பூட்ஸைக் கழற்றுவதற்குள், சோபாவில் போர்வைக்குள்ளிருந்து குரல் வரும்.

"பண்ணிட்டானா?"

"இன்னும் இல்லப்பா."

அந்த அதிபர் என்னதான் செய்தார் என்று ஒருநாள் கேட்டார். பெற்ற அப்பாவிடம் அதை எப்படி விளக்குவது? பொய் சொல்லிவிட்டார் என்றேன். என்ன பொய் என்றார். ஒரு பெண் விஷயம் என்று சொல்லிவிட்டு, பூட்ஸைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அப்பா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அதுக்கு அவம் பொண்டாட்டில்ல ராஜினாமா பண்ணணும்" என்றார்.

மலர் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தாள். அவளுக்கும் அப்பாவுக்கும் தினமும் ஒரு வாக்குவாதம் நடக்கும். பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. அங்கே பிறந்தவர்களுக்கு பஸ்தான் எல்லாம். உங்க ஊருக்கு ரயிலே இல்லை, ராஜினாமா எங்கேயிருந்து வரும் என்று அப்பா ஆரம்பிப்பார். ரயில் இல்லாததால்தான் எங்கள் ஊரில் யாரும் ஆற்றில் விழவில்லை மாமா என்று இவள் முடிப்பாள். இருவருக்கும் அதில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் நடுவில் சாப்பாடு ஆறிப்போகும்.

பக்கத்து வீட்டில் டாரத்தி என்றொரு அம்மாள் இருந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர். அப்பாவைப் பார்க்க பிஸ்கட் டப்பாவோடு வருவார். அவர் தமிழ் பேச மாட்டார், அப்பா இங்கிலீஷ் பேச மாட்டார், நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். அப்படி ஒருநாள் பேச்சுவாக்கில், எங்கள் நாட்டில் இதுவரை ஒரே ஒரு அதிபர்தான் ராஜினாமா செய்திருக்கிறார் என்றார் டாரத்தி. நான் அதைத் தமிழில் சொன்னதும் அப்பா போர்வையை உதறிவிட்டு எழுந்தார். கை கூப்பினார்.

"அந்த மகானோட போட்டோ இருந்தா ஒன்னு கேளு தம்பி. ஊருக்குக் கொண்டுபோயி கடையில மாட்டணும்."

அந்த மகான் யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னதை அப்படியே மொழிபெயர்ப்பதுதானே என் வேலை. என் அப்பா அவருடைய படத்தை மாட்ட விரும்புகிறார் என்றேன். டாரத்திக்குக் காபி புரையேறிவிட்டது. அந்த மனுஷன் எப்போது தொலைவான் என்று 1974-இல் ஒரு கோடைகாலம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் அவர். எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்தது, அதை மூடி மறைக்க அதிபர் உடந்தையாக இருந்தது, அவர் பேச்சை அவரே பதிவு செய்து வைத்திருந்த டேப்புகளே அவரைக் காட்டிக்கொடுத்தது எல்லாவற்றையும் மூச்சு வாங்கச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அப்பாவின் கூப்பிய கை மெல்ல இறங்கியது.

"மாட்டிக்கிட்டதுக்கு அப்பறமாத்தான் பண்ணுனானா?"

"ஆமாப்பா. இல்லன்னா அவங்களே வெளிய அனுப்பியிருப்பாங்க."

அப்பா மறுபடியும் போர்வைக்குள் போய்விட்டார். உலகத்தில் ராஜினாமா என்றாலே அது மருதையாற்று ராஜினாமா மாதிரிதான் இருக்கும் என்று நம்புகிறவர் அரியலூரைத் தவிர வேறு எங்கேயும் இருக்க முடியாது. டாரத்திக்கு மனசு கேட்கவில்லை. ரயில் கதையை என்னிடம் முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் அதிபர்கள் படமெல்லாம் போட்ட ஒரு பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு ஆறுதலாக அதில் ஒருவரையாவது காட்டிவிட வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம்.

1963-இல் சுடப்பட்டு இறந்த அதிபரின் படம் வந்ததும் அப்பா புத்தகத்தின் மேல் கையை வைத்தார். இவரைத் தெரியும் என்றார். பஜார் சலூனில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இவர் படமும் மாட்டியிருக்குமாம். எத்தனையோ வருஷம் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் முடி வெட்டிக்கொண்டேன் என்றார். நான் அதை மொழிபெயர்த்ததும் டாரத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்தச் செய்தி வந்தபோது அவர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாராம். பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே நின்றேன் என்றார்.

பிறகு 1968-க்கு வந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காக ஊர் ஊராக நடந்த பாதிரியாரை அந்த வருஷம்தான் சுட்டுக் கொன்றார்கள். அதே வருஷம், வியட்நாம் போரில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தபோது, அப்போதைய அதிபர் டிவியில் வந்து, அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் மந்திரிக்குக் கிட்டத்தட்ட வருவார் இல்லையா என்று டாரத்தி ஆசையாகக் கேட்டார். அப்பா யோசித்தார்.

"பாதி மார்க்கு குடுக்கலாம்" என்றார்.

பிப்ரவரியில் செனட் சபை அதிபரை விசாரித்து, பதவியில் நீடிக்கலாம் என்று விடுவித்துவிட்டது. அப்பாவுக்கும் டிக்கெட் அந்த மாதம்தான். விமான நிலையத்தில் என் தோளைத் தட்டி, "இவன் பண்ண மாட்டான் தம்பி, நான் கெளம்புறேன்" என்றார். அதற்காகவே இத்தனை நாள் காத்திருந்தவர் போல.

4

அதன்பிறகு அமெரிக்க வரலாறு எங்கள் வீட்டுக்கு டெலிபோனில் வந்தது. 2000-இல் அதிபர் தேர்தலில் ஒரு மாநிலத்து ஓட்டுச்சீட்டில் துளை விழுந்ததா இல்லையா என்று வாரக்கணக்கில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அப்பா போன் செய்து, நம்ம ஊரில் பஞ்சாயத்து எலெக்‌ஷன் எண்ணின வாத்தியார் நாலு பேரை அனுப்பட்டுமா என்று கேட்டார். கடைசியில் தோற்றவர் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டபோது, இவன் பரவாயில்லை என்றார்.

மறுவருஷம் செப்டம்பரில் நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. லைன் கிடைக்காமல் அப்பா எஸ்.டி.டி. பூத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். நாங்கள் இருக்கும் ஊர் வெகுதூரம் என்று எத்தனை முறை சொன்னாலும், என் குரலைக் கேட்ட பிறகுதான் நம்பினார். அப்போது ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பேசும்போது மெதுவாகக் கேட்டார்.

"அத்தன பேரு செத்தாங்களே தம்பி. யாரு ராஜினாமா பண்ணுனாங்க?"

எனக்குத் தெரிந்து யாரும் செய்யவில்லை. அந்த ஒருமுறை மட்டும் அவர் கேள்விக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீஸில் அதை யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது, கேட்கவும் பயமாக இருந்தது. என் நிறத்தில் இருந்தவர்கள் எல்லாருமே அந்த நாட்களில் வாயைப் பார்த்துத்தான் திறந்தோம்.

அதே வருஷம் அரியலூர் தனி மாவட்டமாகியிருந்தது. அதற்கு முன்னால் அது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. அப்பா துள்ளிக் குதித்தார். அடுத்த வருஷமே மறுபடியும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அன்று மலர் கேசரி கிண்டினாள். போன் போட்டு, நம்ம மாவட்டத்துக்கு வாங்க மாமா என்றாள்.

5

இந்த வருஷத்துக் கதைக்கு வருகிறேன். குடியுரிமைப் பரீட்சைக்கு எனக்கு டியூஷன் எடுத்தது என் மகள் யாழினி. எட்டு வயது. அதிபர்கள் பெயரைப் பாட்டாகவே பாடுவாள். நான் பெயர்களை உச்சரிக்கிற விதத்தைக் கேட்டு, இப்படிச் சொன்னால் கண்டிப்பாக ஃபெயில்தான் என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். தாத்தாவின் மருதையாற்றுக் கதையை அவளுக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, யாரும் கேஸ் போடவில்லையா என்றாள். மந்திரி பாலத்தை உடைக்கவில்லையே, பிறகு ஏன் வேலையை விட வேண்டும் என்றாள். கோபம் வந்தது எனக்கு. உனக்குப் புரியாது, படி என்று சொல்லிவிட்டேன். படிக்க வேண்டியவன் நான்தான் என்பதை அவள் ஞாபகப்படுத்தினாள்.

நேர்காணல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய்தேன். வேலைக்கு நல்லது, விசா தொல்லை இல்லை, யாழினி படிப்புக்கு வசதி என்று சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். அப்பா பொறுமையாகக் கேட்டார். அங்கே போய் என்ன சொல்ல வேண்டும் என்றார். உறுதிமொழியைத் தமிழில் சொன்னேன். இதுவரை எந்த நாட்டுக்குக் குடிமகனாக இருந்தேனோ, அந்த நாட்டின் மீது வைத்திருந்த விசுவாசத்தை முழுமையாகத் துறக்கிறேன் என்று வரும்.

"தொறக்குறேன்னா, ராஜினாமாவா?"

"அப்படித்தான் வச்சிக்கங்கப்பா."

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது.

"எந்தத் தப்புக்குப் பொறுப்பேத்துக்கிட்டுப் பண்ற?" என்றார்.

அவரே தொடர்ந்தார். லப்பைக்குடிக்காட்டில் இரும்புக் கடை வைத்திருக்கும் அவர் சிநேகிதர் பாயின் மகன் எத்தனையோ வருஷமாக துபாயில் இருக்கிறானாம். அவனை யாரும் ராஜினாமா செய்யச் சொல்லவில்லையே என்றார். துபாயில் குடியுரிமை தரமாட்டார்கள் அப்பா என்றேன். அது நல்லதாகப் போயிற்று என்றார். பிறகு, அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா தங்கை மகனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். நான் எதிர்பார்த்த 'சரி' வரவே இல்லை.

6

உறுதிமொழி நாளன்று ஒரு பெரிய மண்டபத்தில் எல்லா நாட்டுக்காரர்களும் வலதுகையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். பக்கத்தில் நின்ற பெரியவர் எந்த நாட்டுக்காரரோ, ஆரம்பத்திலிருந்தே அழுதுகொண்டிருந்தார். துறக்கிறேன் என்ற இடம் வந்தபோது நான் சொல்வதை நிறுத்தினேன். அப்பா கேட்ட கேள்வி அப்படியே காதில் இருந்தது. மலர் முழங்கையால் இடித்தாள். சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் யாழினி என் கையில் சின்னக் கொடியைக் கொடுத்துப் படம் எடுத்தாள். அந்தப் படத்தில் நான் சிரிக்கிற மாதிரிதான் இருக்கிறேன். உண்மையில் அப்பா சரி என்று சொல்லாமல் இதைச் செய்துவிட்டோமே என்று அன்று முழுக்க வலித்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாதான் பேசினார். அப்பா எங்கே என்றால் கடைக்குப் போயிருக்கிறார் என்பார். வாடகை சைக்கிள் எடுக்க ஆளில்லாமல் கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது.

போன வாரம் இங்கே நன்றி சொல்லும் பண்டிகைக்கு விடுமுறை. மறுநாள் காலையில் டாரத்தி கொடுத்தனுப்பிய பூசணிக்காய் இனிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. மலர்தான் எடுத்தாள். வெடிச்சத்தம் எனக்கே கேட்டது. அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகிவிட்டதாம்.

"எங்க மாவட்டத்துலேருந்து ராஜினாமா பண்ணிட்டீங்களாமே மாமா" என்றாள் மலர். அந்தப் பக்கம் அப்பா சிரிப்பது கேட்டது. பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"தம்பி, யோசிச்சுப் பாத்தேன்" என்றார் அப்பா. "நான் வூட்ட விட்டு நவுறவே இல்ல. மொதல்ல திருச்சி மாவட்டம்னாங்க. அப்பறம் பெரம்பலூருன்னாங்க. அரியலூருன்னாங்க. திரும்பப் பெரம்பலூருன்னாங்க. இப்ப மறுபடி அரியலூருங்குறாங்க. ஒரு தடவையாவது என்னையக் கேட்டாங்களா? ஒன்னைய கையத் தூக்கச் சொல்லிக் கேட்டுட்டாவது மாத்துனாங்க."

"அப்ப ராஜினாமா பண்ணுனது தப்பு இல்லயாப்பா?"

"தப்பா இல்லயான்னு எனக்குச் சொல்லத் தெரியல. அந்த மந்திரி ராஜினாமா பண்ணிட்டு எப்படித் திரும்பி வந்தாருன்னு சொல்லியிருக்கேன்ல?"

"பிரதமரா வந்தாருப்பா."

"நீ அவ்ளோ பெருசால்லாம் வர வேணாம்" என்றார். "சும்மா வந்தாப் போதும்."